‘நாலாம் மாடி’ என்றால் நான்காவது தளம் அல்ல: அகதிகள் குறித்து வாசகர் கேள்விகள்

இலங்கையிலிருந்து வந்து கோலாலம்பூரில் தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களைப் பற்றிச் செந்தூல், செகாம்புட், பிரிக்பீல்ட்ஸ் பக்கமிருந்து வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். சட்டப் பிரிவுகளின் எண்களையும் தந்திருக்கிறோம். அலுவலக முகப்பில் நின்று பேசும்போது அந்த எண் கையில் இருந்தால் பேச்சே வேறு மாதிரிப் போகும்.

செந்தூல் வாசகி: எங்கள் வீட்டு மாடி அறையில் வவுனியாவிலிருந்து வந்த தம்பதி இரண்டு வருடமாக இருக்கிறார்கள். கணவர் வேலை செய்யும் உணவகத்தில் சோதனை நடந்து, அவரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். ஐ.நா. அகதிகள் ஆணையம் கொடுத்த யூ.என். அட்டை காலாவதியாகி நான்கு மாதம் ஆகிறது. அந்தப் பெண் அழுதுகொண்டே இருக்கிறாள். நான் முதலில் என்ன செய்ய வேண்டும்?

பிடித்தது போலீசா, குடிநுழைவுத் துறையா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர் எங்கே இருக்கிறார் என்பது அதைப் பொறுத்தது. உணவகத்தில் வேலை செய்யும் மற்றவர்களிடம் வாகனத்தில் என்ன எழுதியிருந்தது, அதிகாரிகள் என்ன சீருடையில் வந்தார்கள், மணி என்ன என்று கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். போலீஸ் என்றால் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28A பிரிவைச் சொல்லலாம். உறவினருக்குத் தகவல் சொல்லவும், விசாரணைக்கு முன் வழக்கறிஞரிடம் பேசவும் அது உரிமை தருகிறது. நிலையத்தில் யாரிடம் பேசினீர்கள் என்று பெயரையும் எழுதிவையுங்கள். “நாளைக்கு வாங்க” என்று அனுப்பினால், “சரிங்க, உங்கள் பெயர் என்ன?” என்று கேளுங்கள். கோபப்பட வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். பெயரைக் கொடுத்தவர் பெரும்பாலும் பதிலையும் கொடுத்துவிடுவார்.

அட்டை காலாவதியானால் பதிவும் போய்விட்டது என்று நினைத்து அந்தப் பெண் பயந்திருப்பாள். அப்படி இல்லை, கோப்பு எண் அப்படியேதான் இருக்கும். ஐ.நா. அகதிகள் ஆணையத்துக்குக் கைது பற்றிச் சொல்லத் தனித் தொலைபேசி எண் இருக்கிறது. அட்டை எண், அட்டையில் உள்ளபடியே பெயர், பிறந்த தேதி, பிடித்த இடம், நேரம் ஆகியவற்றை ஒரே மூச்சில் சொல்லும்படி எழுதிவைத்துக்கொண்டு அழையுங்கள். புதுப்பிக்க விண்ணப்பித்ததற்குக் கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி இருந்தால்கூட அதைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து, வீட்டில் அவருடைய பழைய கடப்பிதழைத் தேடுங்கள். விமான நிலையத்தில் முத்திரை குத்திய பக்கம்தான் நமக்கு வேண்டும். காரணம் இது: 1959/63 குடிநுழைவுச் சட்டத்தின் 6(1)(c) பிரிவு அனுமதி இல்லாமல் நாட்டுக்குள் நுழைந்தவர்களுக்கானது. அதற்கு 10,000 வெள்ளி (ரிங்கிட்) வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை, அதோடு 6 பிரம்படி வரை உண்டு. முறையாக நுழைந்து தவணை முடிந்த பிறகும் தங்கியவர்களுக்கு 15(1)(c) பிரிவு. அதில் அபராதமும் சிறையும் உண்டு, பிரம்படி கிடையாது. விமானத்தில் விசாவோடு வந்தவர் மீதுகூட, கையில் கடப்பிதழ் இல்லாத ஒரே காரணத்தால் 6(1)(c) சுமத்தப்பட்டுவிடலாம். அந்த ஒரு பக்கத்தின் நகல் ஒரு மனிதனைப் பிரம்படியிலிருந்து காப்பாற்றும். அசல் எங்கே என்று தெரியாவிட்டால் டிக்கெட், பழைய மின்னஞ்சல், கைப்பேசியில் எடுத்து வைத்த படம் என எது இருந்தாலும் வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

குடிநுழைவுச் சட்டத்தில் பிடிபட்ட வெளிநாட்டவரை 14 நாளுக்குள் மெஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 5(4) பிரிவு சொல்கிறது. குடிமகனுக்கு 24 மணி நேரம், இவருக்கு 14 நாள். இந்த 14 நாளை வீணாக்காதீர்கள். வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கோலாலம்பூரில் அணுகலாம். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேட்கச் சொல்லுங்கள். “ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்” என்று பக்கத்தில் நிற்பவர் சொல்வதைக் கேட்டுக் குற்றத்தை ஒப்புக்கொண்டால், தண்டனை முடிந்ததும் அவர் போவது வீட்டுக்கு அல்ல, தடுப்பு முகாமுக்கு. நாடு கடத்தும்வரை வைத்திருக்க அனுமதிக்கும் 34ஆம் பிரிவில் இத்தனை நாள் என்ற வரம்பே இல்லை. புக்கிட் ஜாலில், செமினி, லெங்கெங் போன்ற முகாம்களுக்குள் 2019 ஆகஸ்டிலிருந்து ஐ.நா. ஆணையத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. அதனால் முகாமுக்குப் போவதற்கு முன் செய்யும் வேலைக்குத்தான் மதிப்பு அதிகம்.

வேகம் ஏன் முக்கியம் என்பதற்கு ஓர் உதாரணம். 2021 பிப்ரவரி 23 அன்று மியன்மார்க்காரர்களை நாடு கடத்தக் கூடாது என்று கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அதே நாளில் 1,086 பேரை ஏற்றிக்கொண்டு லூமுட்டிலிருந்து கப்பல்கள் புறப்பட்டுவிட்டன.

இன்னொன்று: “2,000 வெள்ளி கொடு, யூ.என். ஆபீசில் ஆள் இருக்கிறது” என்று ஒருவர் வருவார், கட்டாயம் வருவார். ஆணையத்தின் எந்தச் சேவைக்கும் கட்டணம் இல்லை. ஒரு காசு கொடுக்காதீர்கள்.

செகாம்புட் வாசகர்: அகதிக்கு வீடு வாடகைக்குக் கொடுப்பதும் வேலை கொடுப்பதும் குற்றமா? யூ.என். அட்டை இருந்தால் போதும் என்கிறார்கள்.

போதாது. உங்களை ஆறுதல்படுத்தப் பொய் சொல்லக் கூடாது. 1951 அகதிகள் ஒப்பந்தத்தில் மலேசியா கையெழுத்திடவில்லை, 1967 நெறிமுறையிலும் இல்லை. நம் குடிநுழைவுச் சட்டத்தில் ‘அகதி’ என்ற சொல்லுக்கே இடமில்லை. அனுமதி உள்ளவர், இல்லாதவர் என இரண்டே பெட்டிகள்தான். யூ.என். அட்டை வேலை பெர்மிட்டும் அல்ல, தங்கும் அனுமதியும் அல்ல. அனுமதி இல்லாதவருக்கு வேலை கொடுத்தால் 55B பிரிவின்படி ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இடத்தில் தங்கவிட்டவருக்கு 55E, தெரிந்தே ஒளித்து வைத்தவருக்கு 56(1)(d).

அப்படியிருந்தும் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான வீடுகளில் அகதிகள் வாடகைக்கு இருக்கிறார்கள். அட்டையைப் பார்த்துவிட்டு விட்டுவிடும் அதிகாரிகளும் இருக்கிறார்கள். ஆனால் அது அந்த அதிகாரியின் மனசு, நம் உரிமை அல்ல. வாடகைக்கு விடுவதானால் எதையும் மறைக்காமல் செய்யுங்கள். எழுத்து ஒப்பந்தம், அட்டையின் இரு பக்க நகல், அது முடியும் தேதி, வாடகை ரசீது எல்லாம் இருக்கட்டும். ஒளித்து வைக்கவில்லை என்று காட்ட இவைதான் உதவும். கையெழுத்துக்கு முன் ஒரு வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்வது நல்லது.

கருணைக்குச் சட்டத்தில் இடமே இல்லை என்று யாராவது சொன்னால் 55ஆம் பிரிவைக் காட்டுங்கள். ஒருவருக்கோ ஒரு கூட்டத்தாருக்கோ விலக்கு அளிக்கும் அதிகாரத்தை அது அமைச்சருக்குத் தருகிறது. 1970களில் சபாவுக்கு வந்த பிலிப்பினோ அகதிகளுக்கும், சுனாமிக்குப் பின் 2005இல் ஆச்சே மக்களுக்கும் ஐ.எம்.எம்.13 என்ற தற்காலிகத் தங்கும் அனுமதி அட்டை கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு அவர்கள் வேலை செய்தார்கள். சட்டத்தை மாற்றாமலே அப்போது முடிந்தது இப்போதும் முடியும். மக்களவை உறுப்பினரிடம் மனு கொடுப்பவர்கள் ‘மனிதாபிமானம்’ என்று மட்டும் எழுதாமல் 55 என்ற எண்ணையும் எழுதுங்கள்.

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோலாலம்பூர்: அரசு மருத்துவமனையின் பதிவு முகப்பில் வேலை செய்கிறேன். பத்திரம் இல்லாத கர்ப்பிணிகள் வருகிறார்கள். சுற்றறிக்கை இருக்கிறது, மேலதிகாரி இருக்கிறார். அவர்கள் முகத்தைப் பார்த்தால் மனசு கேட்கவில்லை. நான் என்னதான் செய்ய முடியும்?

அம்மா, உங்கள் நாற்காலியில் இருந்து செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அதில் எதுவும் விதியை மீறியது அல்ல.

நீங்கள் சொல்லும் 10/2001 சுற்றறிக்கை, ஆவணம் இல்லாத வெளிநாட்டவர் சிகிச்சைக்கு வந்தால் தகவல் கொடுக்கச் சொல்கிறது. ஆகவே கணினியில் ‘தியாடா டொக்குமென்’ (ஆவணம் இல்லை) என்று தட்டுவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “யூ.என். தாள் ஏதாவது இருக்கா? பழசா இருந்தாலும் பரவாயில்லை, கைப்பேசியில் படம் இருந்தாலும் காட்டுங்க.” பல பெண்கள் அட்டையைக் கணவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வருவார்கள். கிழிந்துவிடும் என்று பயந்து வீட்டுப் பெட்டியில் பூட்டி வைத்திருப்பார்கள். “பாஸ்போர்ட்?” என்று கேட்டால் “இல்லை” என்பார்கள். அவர்கள் சொன்னது உண்மைதான், நாம் கேட்ட கேள்விதான் போதாது. அட்டை இருந்தால் வெளிநாட்டவர் கட்டணத்தில் 50 விழுக்காடு கழிவு உண்டு. தவணை முடிந்திருந்தால் ஆணையத்திடம் உறுதிப்படுத்தச் சொல்லி மருத்துவச் சமூகப்பணிப் பிரிவுக்கு அனுப்புங்கள். முன்பணம் கட்ட முடியாது என்று தெரிந்தவுடனே அந்தப் பிரிவுக்கு அனுப்புவது நல்லது. ‘பில்’ போட்ட பிறகு அனுப்பினால் அவர்களாலும் அதிகம் செய்ய முடியாது.

பெயர் விஷயத்தில் நிதானம் வேண்டும். இலங்கைத் தமிழரில் பலருக்குத் தகப்பன் பெயர் முன்னால் வரும், சொந்தப் பெயர் பின்னால். நம் வழக்கப்படி நடுவில் ‘அனாக் பெரெம்புவான்’ (மகள்) போட்டு மாற்றி எழுதினால், மகள் அப்பாவாகவும் அப்பா மகளாகவும் ஆகிவிடுவார்கள். அடுத்த முறை வரும்போது கோப்பு கிடைக்காது, புதுக் கோப்பு திறப்பார்கள், பழைய ரத்தப் பரிசோதனை காணாமல் போகும். அட்டையில் உள்ள எழுத்துக் கூட்டலை, வரிசையை மாற்றாமல், ஓர் எழுத்துகூட அழகுபடுத்தாமல் தட்டுங்கள். தாய்மாருக்குக் கொடுக்கும் இளஞ்சிவப்புப் புத்தகத்திலும் அதே பெயர் இருக்க வேண்டும்.

ஏனென்றால் அடுத்த முகப்பு தேசியப் பதிவிலாகா. குழந்தை பிறந்து 60 நாளுக்குள் பதிய வேண்டும். பெற்றோர் அகதியானாலும் பிறப்புப் பத்திரம் உண்டு, குழந்தை ‘குடிமகன் அல்ல’ என்று அதில் வரும், அவ்வளவுதான். மருத்துவமனையின் பிறப்பு உறுதிப் படிவம், இளஞ்சிவப்புப் புத்தகம், பெற்றோரின் அட்டை, திருமணச் சான்று ஆகிய நான்கிலும் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் அங்கே திருப்பி அனுப்புவார்கள். பயந்துபோய் அந்தத் தாய் மறுபடி போக மாட்டாள், 60 நாள் ஓடிவிடும். பிள்ளை வளர்ந்த பிறகு அவன் எங்கே பிறந்தான் என்பதற்கு ஒரு தாளும் இருக்காது. வீட்டுக்கு அனுப்பும்போது “அறுபது நாளுக்குள்ள பதிஞ்சிடுங்கம்மா” என்று தமிழில் சொல்லி, கடைசி நாளின் தேதியைப் புத்தகத்தின் அட்டையில் பேனாவால் எழுதிக் கொடுங்கள்.

ஜாலான் ஈப்போ வாசகி: அந்தப் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

முடியாது. அவர்களுக்கு இருப்பது சமூகக் கற்றல் மையங்கள்தான். அங்கே பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் எப்போதும் தேவை, அதிலும் கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும். வாரத்தில் ஒரு நாள் மட்டும் போகலாம், ஆனால் ஒப்புக்கொண்டால் ஓராண்டாவது விடாமல் போங்கள். பாதியில் விட்டுப் போகும் பெரியவர்களை அந்தப் பிள்ளைகள் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள்.

செந்தூல் வாசகர்: நம் ஆட்களிலேயே எத்தனையோ பேர் குடியுரிமை இல்லாமல், நிரந்தரவாசிக்கான சிவப்பு அடையாள அட்டையோடு அலைகிறார்கள். அவர்களைப் பார்க்காமல் வந்தவர்களுக்கு ஏன் இவ்வளவு இரக்கம்?

உங்கள் ஆதங்கம் நியாயமானது. தோட்டத்தில் பிறந்து, பிறப்பைப் பதியாமல் விட்டதால் முதுமைவரை சிவப்பு அட்டையோடு இருக்கும் பாட்டிகளை இந்தப் பத்தியின் வாசகர்கள் எல்லோரும் அறிவார்கள். அந்தப் பாட்டியைத் திருப்பி அனுப்பிய முகப்பும் இந்த அகதித் தாயைத் திருப்பி அனுப்பும் முகப்பும் ஒன்றுதான். “இந்தப் படிவம் போதாது, இன்னொன்று கொண்டு வா” என்ற அதே வாக்கியம்தான். 60 நாள் கணக்கு, பெயரின் எழுத்துக் கூட்டல் என்று இங்கே எழுதியதெல்லாம் இருவருக்கும் உதவும். திருப்பி அனுப்பிய காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குவதும் அப்படித்தான். அரசியலமைப்பின் 5, 8 பிரிவுகளை எடுத்துப் பாருங்கள். உயிரையும் சட்டத்தின் முன் சமத்துவத்தையும் பற்றிப் பேசும் இடத்தில் ‘குடிமகன்’ என்று எழுதவில்லை, ‘நபர்’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்குக் குறைந்துவிடும் என்பதை நாங்கள் ஏற்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: கோயிலில் பழக்கமான ஓர் இலங்கைத் தம்பி, யூ.என். நேர்காணலுக்குத் தன் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதித் தரச் சொல்கிறார். எனக்கு இரண்டு மொழியும் நன்றாக வரும். ஆனால் அவர் பேசும் தமிழே பாதி புரியவில்லை.

புரியவில்லை என்று ஒப்புக்கொண்டீர்களே, அதுதான் நல்ல தொடக்கம். புரிந்துவிட்டதாக நினைத்து எழுதுகிறவர்களால்தான் கேடு வருகிறது.

“நாலாம் மாடியில வைச்சு விசாரிச்சவை” என்று அவர் சொல்லுவார். ‘நான்காவது தளத்தில் விசாரிக்கப்பட்டேன்’ என்று நீங்கள் எழுதினால், படிக்கிறவருக்கு அது ஏதோ ஒரு கட்டடத்தின் மாடி. அவருக்கோ அது கொழும்பில் குற்றப் புலனாய்வுத் துறைத் தலைமையகத்தின் விசாரணைத் தளம். அந்தப் பெயரைக் கேட்டாலே வடக்கில் வீடுகள் அமைதியாகிவிடும். ‘தலையாட்டி’ என்றால் நமக்குத் தஞ்சாவூர்ப் பொம்மை நினைவுக்கு வரும். அங்கே அது முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்து, வரிசையில் வருகிறவர்களைப் பார்த்துத் தலையை ஆட்டிக் காட்டிக்கொடுப்பவன். ‘இயக்கம்’ (போராளி அமைப்பு), ‘பொடியள்’ (அதில் இருந்த இளைஞர்கள்), ‘ஆமி’ (இராணுவம்), ‘சுத்திவளைப்பு’ (ஊரைச் சூழ்ந்து நடத்தும் தேடுதல்), ‘வெள்ளை வான்’ (ஆட்களைக் கடத்திச் சென்ற வாகனம்) எல்லாமே இப்படித்தான், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வரலாறு இருக்கிறது. ‘வந்தவை, பிடிச்சவை’ என்பதில் உள்ள ‘அவை’ அஃறிணை அல்ல, ‘வந்தார்கள், பிடித்தார்கள்’ என்று பொருள். ‘விதானையார்’ கிராம சேவகர். இப்படிப்பட்ட சொல்லை அப்படியே விட்டுவிட்டு, அது என்ன என்று பக்கத்தில் ஒரு வரி எழுதுங்கள்.

உறவுமுறையில் இன்னொரு பள்ளம் இருக்கிறது. பெரியப்பா மகனையும் அவர் ‘அண்ணா’ என்றுதான் சொல்வார். நீங்கள் உடன்பிறந்தவர் என்று எழுதிவிடுவீர்கள். பதிவுப் படிவத்தில் குடும்பத்தில் மூவர் என்று இருக்கும், வாக்குமூலத்தில் நான்காவதாக ஓர் அண்ணன் வருவார், அவரைத்தான் ஆமி பிடித்துப் போயிருக்கும். ‘முரண்பாடு’ என்று கோப்பில் ஒரு சொல் விழும். பொய் சொன்னவர் யாருமில்லை. ஒவ்வோர் அண்ணாவுக்கும் “கூடப் பிறந்தவரா, ஒன்றுவிட்டவரா?” என்று கேளுங்கள்.

தேதியில் இன்னும் கவனம் தேவை. நினைவில்லாத தேதியைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். நேர்காணலில் வேறொன்று வாயில் வரும். மாறாக, அவருக்குத் தெரிந்த பெரிய நிகழ்வைப் பிடித்துக்கொண்டு நகருங்கள். 1995 அக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்தை விட்டு ஊரோடு கிளம்பினார்களே, அதற்கு முன்னா, பின்னா? ஏ-9 பாதை 2006 ஆகஸ்டில் பூட்டினார்கள், அப்போது எங்கே இருந்தார்? நல்லூர்த் திருவிழா நடந்துகொண்டிருந்ததா? டிசம்பர் பரீட்சை எழுதி முடித்திருந்தாரா? ‘2008, மழைக்காலம், மாதம் உறுதியில்லை’ என்று எழுதுவது பலவீனம் அல்ல. ‘தெரியாது’ என்பதும் பதில்தான்.

எழுதும்போது யார், எங்கே, எத்தனை பேர், என்ன வாகனம், எவ்வளவு நேரம் என்று கேட்டு, பத்திகளுக்கு எண் போடுங்கள். அவர் அழுதால் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் போடுங்கள், மிச்சம் இன்னொரு நாள் எழுதலாம். இரக்கப்பட்டு நீங்களாக ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காதீர்கள். மற்றவருக்கு எழுதிய பழைய வாக்குமூலத்திலிருந்து பத்தியை எடுத்து ஒட்டினால் இரண்டு பேரின் கோப்பும் கெடும். எழுதி முடித்தபின் தமிழில் வாசித்துக் காட்டுங்கள். அவர் திருத்திய இடத்தை அடித்து எழுதி, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை அவரிடமே கொடுங்கள்.

நேர்காணலில் ஆணையத்தின் மொழிபெயர்ப்பாளர் இருப்பார். அவர் பேசுவது புரியாவிட்டால் “வேற ஆளைத் தாங்கோ” என்று கேட்கலாம். ஆணா பெண்ணா என்றும் கேட்கலாம். அது மரியாதைக் குறைவு என்று நம்மவர்கள் நினைத்துக்கொண்டு, பாதி புரிந்ததற்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறார்கள். இதை அவரிடம் முன்கூட்டியே, அழுத்தமாகச் சொல்லி அனுப்புங்கள்.

செகாம்புட் வாசகி: என் தோழியின் விண்ணப்பத்தை ஆணையம் நிராகரித்துவிட்டது. கடிதத்தில் ‘நம்பகத்தன்மை இல்லை’ என்று இருக்கிறதாம். இனி வழி உண்டா?

மேல்முறையீடு உண்டு, தவணை 30 நாள். கடிதம் கைக்கு வந்த தேதியை அதன் மூலையில் இன்றே எழுதச் சொல்லுங்கள். கண்ணீரோடு எழுதும் பொதுவான கெஞ்சல் கடிதம் பயன்படாது. எந்த எந்த இடத்தை நம்பவில்லை என்று நிராகரிப்புக் கடிதத்தில் இருக்கும். அந்தந்த இடத்துக்குத் தனித்தனியே பதில் போக வேண்டும்: இது மொழிபெயர்ப்புப் பிழை, இது உறவுமுறைக் குழப்பம், இதைச் சொல்ல அன்று வெட்கமாக இருந்தது, காரணம் இது. ஆணையத்தின் சொந்தக் கையேட்டிலேயே 196ஆம் பத்தி, உண்மையைக் கண்டறியும் பொறுப்பு விண்ணப்பிப்பவருக்கு மட்டுமல்ல, விசாரிப்பவருக்கும் உண்டு என்கிறது. 203, 204ஆம் பத்திகள் சந்தேகத்தின் பலனை எப்போது அளிக்க வேண்டும் என்பதைச் சொல்கின்றன. இந்த எண்களைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

உடம்பில் தழும்பு இருந்தால் மருத்துவச் சான்று வாங்குங்கள். அவசரத்தில் இருக்கும் மருத்துவர் ‘பழைய தழும்பு’ என்று எழுதிக் கொடுத்துவிடுவார். அந்த இரண்டு சொல்லால் ஒன்றும் நடக்காது. சித்திரவதையை ஆவணப்படுத்த ‘இஸ்தான்புல் நெறிமுறை’ என்று ஐ.நா. வழிகாட்டி இருக்கிறது. தழும்பின் இடம், நீளம், வடிவம், நிறம், அது எப்படி வந்தது என்று அவள் சொன்னது, இரண்டும் எவ்வளவு பொருந்துகின்றன என்பதை அதன்படி எழுத வேண்டும். பொருந்தவில்லை, பொருந்தலாம், மிகவும் பொருந்துகிறது, இத்தகைய காயத்துக்கே உரியது, வேறு எதனாலும் வந்திருக்க முடியாது என ஐந்து படிகள் அதில் உண்டு. மருத்துவரிடம் அந்த நெறிமுறையின் பெயரைச் சொல்லி, இருபது நிமிடம் ஒதுக்கித் தரும்படி முன்கூட்டியே கேளுங்கள். பெண் மருத்துவராக இருந்தால் நல்லது. நீங்களும் கூடப் போங்கள், ஆனால் அவள் பேசும்போது அறைக்கு வெளியே இருங்கள்.